வண்டியை உயர்த்தலாம், கட்டை மட்டும் வேண்டாம்

எஸ்பிஎம் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த விடுமுறை அது. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் பழைய சாலையில், பெரியம்மா மகன் அண்ணனின் ஹைலக்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் பெரியம்மா, பின்னால் நான். ஒரு வளைவுக்கு முன் அண்ணன் பிரேக்கை அழுத்தினார். வண்டி தானாகவே இடது பக்கம் இழுத்தது. ஸ்டேரிங்கை முழுபலத்தோடு பிடித்து, எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கிக் குனிந்து பார்த்தோம். முன் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் வைத்திருந்த இரும்புக் கட்டை நசுங்கி, இடம் நகர்ந்திருந்தது.

அந்தக் கட்டையை வைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பட்டறையில் சதுரக் குழாயை அறுத்து, இரண்டு முனையையும் பற்றவைத்து, "நாலு அங்குலம் ஏறிடும் தம்பி" என்று சொல்லி மாட்டிக்கொடுத்தார்கள். வண்டி ஏறத்தான் செய்தது. அண்ணன் படம் எடுத்துப் போட்டார். எல்லாரும் பாராட்டினார்கள். அதில் நானும் ஒருவன்.

இப்போது இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். அன்று நடந்தது விபத்தல்ல, கணக்கு என்று புரிகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தோடு சேர்ந்து அச்சும் முன்னோக்கிச் சுழலப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது ஸ்பிரிங் பட்டை. நடுவில் நாலு அங்குலக் கட்டையை வைத்தால், அது நெம்புகோலாக மாறி அந்தச் சுழற்சிக்குக் கை கொடுக்கிறது. அச்சையும் பட்டையையும் இறுக்கிப் பிடிப்பது யு-போல்ட்டின் அழுத்தம்தான். நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் இடத்தைக் காட்ட மட்டுமே. உள்ளே வெற்றாக இருந்த குழாய் நசுங்கியதும் யு-போல்ட் தளர்ந்தது. மிச்சம் இருந்தது விரல் தடிமன் போல்ட் ஒன்று. முன் சக்கரத்தில் ஸ்டேரிங்கும் சேர்ந்திருப்பதால், அச்சு கொஞ்சம் நகர்ந்தாலே வண்டி திரும்பிவிடும்.

பின் அச்சில் கட்டை வைப்பது வேறு கதை. சில பிக்அப் வண்டிகளுக்குத் தொழிற்சாலையே பின்னால் வார்ப்பு இரும்புக் கட்டை வைத்து அனுப்புகிறது. ஆனால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதும், முன் அச்சில் வைப்பதும் எந்த நிலையிலும் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

இதைச் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் உடனே, "அதுக்குத்தான் வண்டியில கையே வைக்கக் கூடாதுங்கறது" என்பார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்குள் போகிற மண்பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மழை பெய்த மறுநாள் அங்கே சாதாரண உயரம் போதாது. தொழிற்சாலை உருவாக்குவது எல்லாருக்கும் பொதுவான வண்டி; தோட்டத்துக்கு ஏற்ப அதை மாற்றிக்கொள்வது நியாயமான தேவை. எவ்வளவு மாற்றுகிறோம், எப்படி மாற்றுகிறோம் என்பதில்தான் நமக்கு அலட்சியம்.

முதலில் உயரம் பற்றியே ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடல் உயரும், அடியில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஓர் அணுவும் உயராது. கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்த பெரிய டயர் மட்டுமே வழி. அதிலும் டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் கிடைப்பது ஓர் அங்குலம். ஸ்பிரிங்கை உயர்த்துவது அந்த டயர் உரசாமல் சுழல இடம் தருவதற்கு. அப்படியானால் டயர் கேட்கிற அளவுக்கு மேல் உயர்த்துவது எதற்கு? பார்க்க நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை.

அந்த அழகுக்கு விலை உண்டு. ஐந்தாம் படிவ இயற்பியல் போதும். இரு சக்கரங்களுக்கிடையே உள்ள அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். அகலம் 1,200 மில்லிமீட்டர், ஈர்ப்பு மையம் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் விடை 1. ஈர்ப்பு மையம் 100 மில்லிமீட்டர் ஏறினால் அது 0.86 ஆகிறது. 45 பாகைச் சரிவில் கவிழ வேண்டிய வண்டி 41 பாகைக்குள்ளேயே கவிழும். ஸ்பிரிங் அமுங்குவதையும் சேர்த்தால் இன்னும் முன்னதாகவே. காட்டில் மெதுவாகத்தான் போவோம். கவிழ்கிற ஆபத்து அதிகம் இருப்பது காட்டுக்குப் போகும் சாலையில், திடீரென்று ஸ்டேரிங்கை ஒடிக்கிற அந்த ஒரு நொடியில்.

சரி, எப்படித்தான் உயர்த்துவது? வண்டிக்கும் அது சுமக்கும் எடைக்கும் ஏற்ப வளைவு கூட்டிச் செய்த புதிய ஸ்பிரிங் பட்டைத் தொகுதிதான் என் தேர்வு. விலை அதிகம்தான், மறுக்கவில்லை. பழைய பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைத்தால் எஃகின் பதம் போய்விடும்; சில மாதங்களில் மறுபடி தொங்கும். கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது மலிவு. வண்டி விறைப்பாகிவிடும், பாரம் ஏற்றுபவருக்கு அது பரவாயில்லை. சாக்கிளை நீட்டுவதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு அங்குலம் நீட்டினால் அச்சின் இடத்தில் ஏறுவது ஓர் அங்குலமே. அதோடு அச்சும் சாய்ந்துகொள்கிறது. முன் ஸ்பிரிங்கின் முன்முனையில் சாக்கிள் இருந்து அதை நீட்டினால், வளைவு முடிந்ததும் ஸ்டேரிங் தானாக நேராகும் குணம் குறைந்துவிடும். எஸ்ஜே410 வைத்திருப்பவர்கள் அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டையை மேலே தூக்கி வைப்பார்கள். ஒரே வேலையில் ஏறக்குறைய ஐந்து அங்குலம் கிடைக்கும். ஆனால் ஸ்டேரிங் தண்டு, பிரேக் குழாய், டிரைவ் ஷாஃப்டின் கோணம் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும். அதைச் செய்யாதவர்தான் "வண்டி நடுங்குது" என்று புலம்புவார்.

யாருமே பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஹைலக்ஸ் வண்டிகளின் பின்னால், உடலுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி இருக்கும். அது பாரத்தை அளந்து, பாரம் கூடினால் பின் சக்கரத்துக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் அனுப்பும் வால்வோடு இணைந்தது. வண்டியை உயர்த்திவிட்டு இந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை நிறைந்திருந்தாலும் வால்வு "வண்டி காலி" என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் குறையும். பிரேக் குழாய் முழு இறக்கத்தில் இழுபடுகிறதா, அப்சார்பர் நீளம் போதுமா, பழைய யு-போல்ட்டையே திரும்பப் போட்டார்களா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட யு-போல்ட் மறுபடி அதே பிடிப்பைத் தராது. புதியதாக இருந்தாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மீண்டும் இறுக்க வேண்டும்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு செய்த வண்டியின் அமைப்பை மாற்ற ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். நம் இளைஞர்களில் பலருக்கு இது சம்மன் பற்றிய விஷயம் மட்டுமே. பரிசோதனை நாளில் பழைய ஸ்பிரிங்கை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் மாற்றிக்கொள்பவர்களை எனக்கே தெரியும். சட்டத்தை ஏமாற்றியதாக அவர்களுக்குப் பெருமை. நாளை ஏதாவது நடந்து காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால், அந்தப் பெருமையை வைத்து எதிர்க்காரின் மருத்துவச் செலவைக் கட்ட முடியுமா?

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பட்டையைத் தட்டிப் பார்த்தே விரிசலைக் கண்டுபிடிக்கும் போமன்கள் நம்மிடையே இருக்கிறார்கள். என் வகுப்பில் பாதிப்பேருக்கு யு-போல்ட்டை நேரில் பார்த்த அனுபவம்கூட இல்லை. ஆனால் அன்று பட்டறையில், "இந்தக் கட்டை உள்ளே வெற்றா, கெட்டியா?" என்று அண்ணனும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற நானும் கேட்கவில்லை. எஸ்பிஎம்மில் இயற்பியல் எழுதியவன் நான்.

அண்ணன் அதே வாரம் கட்டைகளைக் கழற்றி எறிந்தார். ஐந்து மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்து, இரண்டு அங்குலம் மட்டும் உயர்த்தும் புதிய ஸ்பிரிங் தொகுதி, அதற்கேற்ற அப்சார்பர், நீளமான பிரேக் குழாய் எல்லாம் போட்டார். வண்டி முன்புபோல் கம்பீரமாக இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெரியம்மா மட்டும் இன்றும் ஏறுவதற்கு முன் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "கட்டை கிட்டை ஏதும் வச்சிருக்கியாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்.