மீனுக்கு ஒரு கவசம்

சகோதரிகளே, மீன் சமைக்கும் வீடாக இருந்தால் உங்களுக்கே தெரியும். கையில் சாம்பலோ கல் உப்போ தொட்டுக்கொள்ளாவிட்டால் மீன் நழுவி ஓடிவிடும். (சைவ வீட்டார் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இங்கே குழம்புப் பேச்சு இல்லை, வைத்தியப் பேச்சுதான்!)

அந்த வழுவழுப்பை நாம் தேய்த்துத் தள்ளுகிறோம். மீனுக்கோ அதுதான் கவசம். நம் மேல்தோலின் வெளிப்புறம் காய்ந்து செத்த படலம். மீனின் தோல் வெளி விளிம்புவரை பச்சையாக, உயிரோடு இருக்கிறது. கிருமிகள் நீந்தும் தண்ணீரில் அல்லும் பகலும் அதோடு வாழவேண்டும். ஆகவேதான் இந்தச் சளிப் பூச்சு. நம் கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக் கருவிலும் இருந்து கிருமியின் சுவரை அரிக்கிற லைஸோசைம் இதிலும் உண்டு.

தாய்ப்பாலில் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரோட்டீன் இருந்து குழந்தையின் குடலைக் காக்கிறதல்லவா? மீனிடம் ஐ.ஜி.ஏ. கிடையாது. ஆனால் 2005-ல் ரெயின்போ டிரவுட் மீனில் ஐ.ஜி.டி. என்ற ஒன்று அகப்பட்டது. அதன் வேலை என்ன? அமெரிக்காவில் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையின் ஓரியோல் சுனியர் குழுவினர் 2010-ல் விடை சொன்னார்கள். குடலில் ஒட்டுண்ணி புகுந்தும் பிழைத்த மீன்களில், ரத்தத்தில் எதிர்த்து நின்றது ஐ.ஜி.எம்.; குடல் சளியில் நின்றது ஐ.ஜி.டி.! பின்னர் தோலிலும் செவுளிலும் அதே காவல் இருப்பது தெரிந்தது.

இது வெறும் ஏட்டுச் சமாச்சாரம் அல்ல. பண்ணை மீன் நெருக்கடியில் வளர்கிறது. வலையில் உரசிப் பூச்சுப் போன இடத்தில் கிருமி நுழைகிறது. உடனே மருந்தைக் கொட்டுவார்கள். நார்வே நாட்டு மீன் பண்ணைகளில் 1987-ல் மட்டும் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் செலவாயிற்று. கிருமிகள் மருந்துக்குப் பழகிவிட்டால், நாளை நம் வீட்டுக் குழந்தை படுக்கும்போது அந்த மருந்தே கைவிடலாம். நல்ல வேளை, ஸால்மன் மீன்களுக்குத் தடுப்பூசி வந்தது. மீன் உற்பத்தி பெருகியும் மருந்துச் செலவு மளமளவென்று இறங்கியது.

ஆனால் விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுக்கு ஊசி போடுவது எப்படி? தடுப்பு மருந்து கலந்த நீரில் அரை நிமிஷம் முக்கி எடுக்கிறார்கள்! டிரவுட்டின் செவ்வாய் நோய்க்கு இத்தகைய மருந்து அமெரிக்காவில் 1976-லேயே அனுமதி பெற்றது. ஐ.ஜி.டி.யைப் பற்றி யாருக்கும் தெரியாத காலம் அது. என்னைக் கேட்டால், இனி வரும் மருந்துகள் இந்தச் சளிக் காவலைத் தட்டி எழுப்புபவையாக இருப்பதே உத்தமம். தீனியில் கலந்து கொடுக்கலாமே என்பீர்கள். மீனின் இரைப்பை அமிலம் மருந்தைச் சிதைத்துவிடுகிறது, அதுதான் இடைஞ்சல்.

அதுவரை நல்ல பண்ணையாட்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். மீனைத் தொடுமுன் கையை நன்றாக நனைத்துக்கொள்கிறார்கள். முடிச்சில்லாத மெத்தென்ற வலையாகப் பார்த்து வாங்குகிறார்கள்.