யோனாவும் நன்றாகத்தான் தூங்கினான்

மறுபடியும் பிறந்த விசுவாசிக்கு நன்மை எது, தீமை எது என்று யாரும் கற்றுத்தரத் தேவையில்லை என்று ஓர் ஊழியக்காரர் தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார். ஜெபித்துவிட்டு உள்ளத்தில் சமாதானம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் அது கர்த்தருடைய சித்தம், இல்லாவிட்டால் அது சத்துருவின் கண்ணி. இதோடு அவர் நிறுத்தவில்லை. சபை வரலாற்றைப் படிப்பது, கூடிப் பேசி முடிவெடுப்பது, எதிர்க்கேள்வி கேட்பது எல்லாம் மாம்ச ஞானம் என்கிறார். அபிஷேகம் பெற்றவர் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதைக் கலகம் என்கிறார்.

இந்தப் போதனை தவறு என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. இது விசுவாசிகளை ஆயுள் முழுவதும் குழந்தைகளாகவே வைத்திருக்கும் போதனை. அப்படி வளராமல் வைக்கப்பட்டவர்கள் கைகளால் மற்றவர்கள் பட்ட பாடு வரலாற்றில் பதிவாகிக் கிடக்கிறது.

அவர் துணைக்கு அழைக்கும் வசனங்களிலிருந்தே தொடங்குவோம். கொலோசெயர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் சமாதானத்தைப் பற்றிச் சொன்னது அவருடைய முதல் ஆயுதம். அந்தப் பகுதியை மேலிருந்து படித்தால் பவுல் எதைப் பேசுகிறார் என்பது தெரியும். ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லாதிருப்பது, யூதன் கிரேக்கன் என்றும் அடிமை சுயாதீனன் என்றும் பிரிந்து நிற்காதிருப்பது, குறைகளைத் தாங்கி மன்னிப்பது, ஒரே சரீரமாக வாழ்வது. சபையில் மனிதருக்கும் மனிதருக்கும் இடையே நிலவ வேண்டிய சமாதானம் அது. ஒருவர் தனி அறையில் நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொள்ளும் நிம்மதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது ஆயுதம், அபிஷேகம் பெற்றவர்களுக்குப் போதிக்கிறவர் தேவையில்லை என்ற பொருளில் யோவான் முதல் நிருபத்தில் வரும் வசனம். யோவான் அதை எழுதியதே ஒரு போதனைக் கடிதத்தில்தான். கள்ளப் போதகர்கள் மக்களை மயக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களிடம் போக வேண்டாம் என்பதற்காக எழுதினார். நான்காம் அதிகாரத்துக்கு வந்தால், எல்லா ஆவிகளையும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்கும்படி அதே யோவான் கட்டளையிடுகிறார். ஆவியால் பேசுகிறேன் என்று வருகிறவனையே சோதிக்கச் சொல்லும் அப்போஸ்தலனைச் சோதனைக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது வேதத்துக்குச் செய்யும் அநியாயம்.

அவர் தொடாமலே விட்ட பகுதிகள் இன்னும் முக்கியமானவை. தம் மனசாட்சி தம்மீது எந்தக் குற்றமும் சுமத்தவில்லை, ஆனாலும் அதனால் தாம் நீதிமான் ஆகிவிடவில்லை, தீர்ப்பு கர்த்தருடையது என்று கொரிந்தியருக்குப் பவுல் சொல்கிறார். பிலிப்பி சபையார் ஏற்கெனவே விசுவாசிகள். அவர்களுடைய அன்பு அறிவிலும் பகுத்துணர்விலும் மேன்மேலும் வளர வேண்டும் என்று பவுல் ஜெபிக்கிறார். முழுதாகக் கையில் இருக்கும் ஒன்றுக்காக யாரும் ஜெபிப்பதில்லை. எபிரெயர் நிருபத்தை எழுதியவர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். இத்தனை காலத்தில் நீங்கள் போதகர்களாக வேண்டியவர்கள், இன்னும் பால் குடிக்கிறீர்களே என்று கடிந்துகொள்கிறார். நன்மை தீமையைப் பிரித்தறியும் திறன் பழகிப் பழகி வருவது, அது தேறினவர்களுக்கு உரியது என்கிறார். பழக்கமே வேண்டாம் என்கிறது ஊழியக்காரரின் கட்டுரை. இரண்டையும் ஒரே பிரசங்கபீடத்தில் வைக்க முடியாது.

சமாதானம்தான் அளவுகோல் என்றால் அதில் யோனா தேறிவிடுவான். கர்த்தர் போகச் சொன்ன நினிவேயை விட்டு எதிர்த்திசையில் ஓடிய அந்தத் தீர்க்கதரிசி, புயலில் கப்பல் உடையும் நிலையிலும் அடித்தட்டில் படுத்து அயர்ந்து தூங்கினான். அவனைத் தட்டி எழுப்பி ஜெபிக்கச் சொன்னவன் ஒரு புறஜாதி மாலுமி. அதே அளவுகோலை கெத்செமனேக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அந்த இரவில் இயேசுவின் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கத்தில் இருந்தது. இந்தப் போதனையின்படி அவர் தோட்டத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். இதைச் சொல்லவே எனக்கு உடல் நடுங்குகிறது. ஆனால் கட்டுரையாளர் வகுத்த விதி நம்மை அங்கேதான் கொண்டு நிறுத்துகிறது.

இப்போது அவர் காட்டிய உதாரணத்துக்கு வருகிறேன். ஜான் நியூட்டன். அடிமைக் கப்பல்காரன், புயலில் இரட்சிக்கப்பட்டான், அந்த இரவே அவன் மனசாட்சி விழித்தது, அடிமை வியாபாரத்தை உதறினான், 'அமேசிங் கிரேஸ்' எழுதினான் என்று கதையை ஓட்டியிருக்கிறார். கன்வென்ஷன் மேடைகளில் பல வருடங்களாகச் சொல்லப்பட்டுவரும் கதை. நடந்தது இது அல்ல.

நியூட்டன் புயலில் சிக்கித் தேவனை நோக்கிக் கூப்பிட்டது 1748 மார்ச்சில். அந்த ஆண்டே ஓர் அடிமைக் கப்பலில் துணை மாலுமியாக ஆப்பிரிக்கக் கரைக்குத் திரும்பிப் போனார். 1750 முதல் 1754 வரை கப்பல் தலைவராக மூன்று முறை போனார். மனிதர்களை வாங்கி, சங்கிலியில் பூட்டி, அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோய் விற்றார். கப்பலில் கலகச் சதி நடப்பதாகச் சந்தேகம் எழுந்தபோது சிறுவர்களைக் கட்டைவிரல் திருகாணியில் மாட்டி வாக்குமூலம் வாங்கியதை அவருடைய கப்பல் நாட்குறிப்பே சொல்கிறது. அதே கப்பலில் ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி இருமுறை ஆராதனை நடத்தினார். வேதம் வாசித்தார், மணிக்கணக்காக ஜெபித்தார். தம் கடைசி இரண்டு கினியா பயணங்களில் அனுபவித்ததைவிட இனிமையான தேவ ஐக்கியத்தைத் தாம் அறிந்ததில்லை என்று 1764-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதினார்.

ஐயா, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மேல்தளத்தில் ஆராதனை, கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். நடுவில் நின்றவருக்கு இருந்தது நீங்கள் கேட்கும் அதே சமாதானம். அவர் மாய்மாலக்காரர் அல்ல. அவருடைய மனந்திரும்புதல் பொய்யும் அல்ல. உங்கள் போதனைக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு கிடையாது: உண்மையாக இரட்சிக்கப்பட்ட ஒருவர், உண்மையாக ஜெபித்தவர், உண்மையான சமாதானத்தோடு மனிதர்களை விற்றுக்கொண்டிருந்தார்.

சங்கிலியும் பூட்டுமாகச் சிறைக்காவலன் போல வாழ்வது அவருக்குச் சில நேரம் கசந்தது, வேறு தொழில் தரும்படி வேண்டினார் என்பதும் உண்மை. ஆனால் அந்த வியாபாரம் நியாயமானதா என்ற கேள்வி அன்று அவருக்கு எழவேயில்லை, தேவன் தமக்குக் குறித்த தொழில் என்றே அதை எண்ணியிருந்தார். 1754-இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம் திடீரென வந்த நோய். 1764-இல் ஓல்னி ஊரில் குருவானார். 1773 புத்தாண்டுக்காக அந்தப் பாடலை எழுதினார். அடிமை வியாபாரத்துக்கு எதிராகத் தம் பெயரில் சிற்றேடு வெளியிட்டது 1788-இல். புயலுக்கும் சிற்றேட்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள். அந்தச் சிற்றேட்டில் தம் பங்கை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பிறகு பாராளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார்.

அந்த நாற்பது ஆண்டுகளில் மற்றவர்கள் பேசியிருந்தார்கள். 1774-இல் ஜான் வெஸ்லி அடிமைத்தனத்துக்கு எதிராக எழுதினார். 1785-இல், பின்னாளில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய இளம் பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் ஆலோசனை கேட்டு நியூட்டனைத் தேடி வந்தார். 1787-இல் ஒட்டோபா குகோவானோ என்ற ஆப்பிரிக்கக் கிறிஸ்தவர், சிறுவயதில் கடத்தி விற்கப்பட்டவர், லண்டனில் தம் நூலை வெளியிட்டார். நீங்கள் மாம்ச ஞானம் என்று தள்ளும் படிப்பும் விவாதமும் எதிர்க்கேள்வியும் இல்லாதிருந்தால் இங்கிலாந்தின் சபைகள் இன்னும் எத்தனை காலம் சமாதானமாக இருந்திருக்கும்?

உள்ளொளியை யாரையும்விட அதிகமாக நம்பியவர்கள் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அல்லவா, அவர்கள்தானே அடிமைத்தனத்தை முதலில் எதிர்த்தார்கள் என்று அவர் கேட்கலாம். கேட்கட்டும். 1688-இல் பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் நான்கு பேர் கையெழுத்திட்டு எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். சபைக் கூட்டங்கள் அதை மேலே மேலே அனுப்பிக் கிடப்பில் போட்டன. உள்ளொளி பெற்ற குவேக்கர்கள் அதன்பிறகும் அடிமைகளை வைத்திருந்தார்கள். 1758-இல்தான் பிலடெல்பியா ஆண்டுக்கூட்டம் அடிமைகளை வாங்கி விற்பவர்களைச் சபை நிர்வாகத்திலிருந்து விலக்கியது. அடிமை வைத்திருப்பதையே தடைசெய்தது 1776-இல். எண்பத்தெட்டு ஆண்டுகள்! ஒவ்வொருவரும் தம் உள்ளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது எதுவும் அசையவில்லை. ஒருவர் உணர்ந்ததை இன்னொருவர் முன் வைத்து, கூட்டம் கூட்டமாக வாதித்தபோதுதான் அசைந்தது.

அந்த வாதத்தைச் சுமந்தவர்களில் ஒருவர் நியூஜெர்சியின் ஜான் உல்மன். தையல்காரர். பாமர விசுவாசிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் எட்டாது என்று எழுதுகிறவர்கள் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். இளைஞனாக ஒரு கடையில் எழுத்தராக இருந்தபோது, ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கான பத்திரம் எழுதும்படி முதலாளி சொன்னார். உறுத்தலோடு எழுதிக்கொடுத்தார். ஆனால் இது கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது என்று முதலாளியிடமே சொன்னார். அடுத்த முறை அப்படி ஒரு பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்தார். பிறகு அடிமைகளைச் சொத்தாக எழுதிவைக்கும் உயில்களையும் மறுத்தார். அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளுக்குப் போய் முகத்துக்கு முகம் பேசினார். அங்கே தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளின் கையில் காசு கொடுத்தார். எபிரெயர் நிருபம் சொல்லும் பழக்கம் இதுதான். ஒரு சிறு மறுப்பு அடுத்த மறுப்புக்குக் கையைப் பழக்கியது. முதல் பத்திரத்தைச் சமாதானத்தோடு எழுதியிருந்தால் இரண்டாவதையும் எழுதியிருப்பார்.

இது வெள்ளைக்காரர் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட ஆலயத்தில் இரண்டு நீண்ட கூடங்கள் தனித்தனியே வந்து பலிபீடத்தருகே சேரும். சாதிக்கு ஒரு கூடம், நடுவே சுவர். இரு பக்கமும் ஒரே நற்கருணையை வாங்கினார்கள். 1910-இல் குருக்கள் சுவரை அகற்றியபோது பிள்ளை, முதலி கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. நாற்பது வருடத்துக்கு அருகில் அந்தச் சுவரின் நிழலில் மண்டியிட்டு ஜெபித்தவர்களுக்கு உள்ளத்தில் சமாதானம் இல்லாமலா இருந்தது? இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. மணமகள் தேவை விளம்பரத்தில் 'மறுபடியும் பிறந்த' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரை அச்சிடுகிறோம். நகைக்கும் ரொக்கத்துக்கும் பேரம் பேசி முடித்த கையோடு ஸ்தோத்திர ஜெபம் செய்கிறோம். எல்லாம் சமாதானமாகவே நடக்கிறது. அந்த ரொக்கத்துக்காக நிலத்தை விற்ற பெண்ணின் தகப்பனிடம் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, அபிஷேகம் பெற்றவரைக் கேள்வி கேட்காதே என்ற அவருடைய கட்டளை. பேதுருவைவிட அபிஷேகம் பெற்றவர் யார்? பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பேசியவர் அவர். அப்படியும் யோப்பாவின் மேல்வீட்டில் தரிசனத்தை மூன்று முறை காண வேண்டியிருந்தது. கொர்நேலியுவின் வீட்டு வாசலைத் தாண்டிய பிறகே, தேவன் பட்சபாதம் உள்ளவர் அல்லர் என்பது அவருக்கு முழுதாக விளங்கியது. எருசலேமில் சபையார் அவரைத் தடுத்துக் கேட்டபோது என்னைக் கேட்க நீங்கள் யார் என்று சீறவில்லை. நடந்ததை வரிசையாக விளக்கினார். அவ்வளவுக்குப் பிறகும் அந்தியோகியாவில் சிலருக்குப் பயந்து புறஜாதி விசுவாசிகளின் பந்தியைவிட்டு விலகினார். பர்னபாவும் கூடவே இழுபட்டார். பவுல் எல்லார் முன்பாகவும் பேதுருவை எதிர்த்து நின்றார், அதை மறைக்காமல் கலாத்தியருக்கு எழுதியும் வைத்தார். அந்தப் பவுலின் பிரசங்கத்தையே பெரோயா பட்டணத்தார் நாள்தோறும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். லூக்கா அவர்களைக் கலகக்காரர் என்று எழுதவில்லை, நற்குணசாலிகள் என்றே எழுதினார்.

அந்த ஊழியக்காரரின் சபையில் ஒரு சகோதரி எழுந்து, பாஸ்டர், நீங்கள் செய்தது தவறு என்று சொன்னால் என்ன நடக்கும்? அவர் எழுதியதன்படி அவளைக் கலகக்காரி என்று சொல்லி உட்கார வைப்பார்கள். வேதத்தின்படி பார்த்தால் அவள் செய்வது அந்தியோகியாவில் பவுல் செய்தது. தம் மந்தைக்கு இவற்றில் எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறார் என்பதை அவர் தெளிவாக எழுதட்டும்.