எரிபொருளுக்குப் போகும் தானியம்: வணிகர் தரப்பு நியாயம்



பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால், அதாவது எரிசாராயம், கலக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. முதலில் 2030ஆம் ஆண்டுக்கு என்று வைத்திருந்தார்கள். பிறகு 2022இல் கொள்கையைத் திருத்தி 2025–26க்கே கொண்டு வந்தார்கள். 2025இல் அந்த அளவைத் தொட்டும் விட்டார்கள். "இது பெட்ரோல் பங்குக்காரர்கள் பாடு, மளிகைக்கும் தானியத்துக்கும் இதில் என்ன?" என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். நிறையவே இருக்கிறது. அந்த 20 பங்கு வானத்திலிருந்து வருவதில்லை. நாம் மூட்டை கணக்கில் வாங்கி விற்கும் மக்காச்சோளம், அரிசி, சர்க்கரை ஆகியவற்றிலிருந்துதான் வருகிறது.

முதலில் நியாயமான பக்கத்தைச் சொல்லி விடுவோம். நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. மணலி சுத்திகரிப்பு ஆலைக்கு வரும் எண்ணெயும் பெரும்பாலும் கப்பலில் வருவதுதான். உள்நாட்டில் விளைவதைக் கலந்தால் அந்த அளவுக்கு அன்னியச் செலாவணி மிச்சம். 2014 முதல் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் மிச்சமானதாக அரசு சொல்கிறது. கரும்பு ஆலைகளுக்குக் கையில் பணம் புரண்டால் விவசாயிக்கு நிலுவை தீரும். மக்காச்சோளம் போட்டவனுக்கு நல்ல விலை கிடைத்தால் நமக்கும் மகிழ்ச்சிதான். விவசாயி கையில் காசு இருந்தால்தான் நம் கடையில் வியாபாரம். ஆகவே இந்தத் திட்டமே வேண்டாம் என்பதல்ல நமது வாதம். எதை எரிப்பது, எவ்வளவு எரிப்பது, அந்தக் கணக்கை யார் முன்னால் வைப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கலப்பு நேற்று வந்ததல்ல. 2003 ஜனவரியிலேயே தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதம் கலக்க உத்தரவானது. அப்போது எத்தனால் என்றால் சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடிப்பது. கழிவைக் காசாக்குவதை யார் ஆட்சேபிப்பார்கள்? ஆனால் மொலாசஸ் போதவில்லை. பத்து ஆண்டுகள் கழித்தும் கலப்பு ஒன்றரை சதவீதத்தைச் சுற்றியே நின்றது. பிறகு 2018ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை வந்தது. கரும்புச் சாறு, கெட்டுப்போன தானியம், குருணை எல்லாவற்றுக்கும் கதவு திறந்தது. அதன் பின் இந்திய உணவுக் கழகத்தின் அரிசிக்கும் திறந்தது. 2022 ஜூனில் 10 சதவீதம் எட்டினார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் அது இரட்டிப்பானது. கழிவிலிருந்து தொடங்கிய வேலை தானியக் கிடங்கு வரை வந்து விட்டது. 2024–25 பருவத்தில் கரும்பைவிடத் தானியத்திலிருந்து வந்த எத்தனாலே அதிகம்.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 2023இல் பார்த்து விட்டோம். அந்த ஆண்டு ஜூலையில் சாராய ஆலைகளுக்கு உணவுக் கழக அரிசி நிறுத்தப்பட்டது. டிசம்பரில் கரும்புச் சாற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. இலக்கு மட்டும் குறையவில்லை. ஆகவே ஆலைகள் எல்லாம் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. வெளிநாட்டுக்கு மக்காச்சோளம் அனுப்பிக் கொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போட்ட திட்டம், தீவன இறக்குமதியைக் கொண்டு வந்தது. நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்கள் அப்போது போட்ட கூக்குரலை நாம் அறிவோம். கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். தீவனம் ஏறினால் முட்டை ஏறும். முட்டை ஏறினால் ராயபுரத்தில் தள்ளுவண்டிக்காரர் போடும் ஆம்லெட்டும் ஏறும். வாடிக்கையாளர் சண்டை போடுவது கடைக்காரரிடம்தான்.

வியாபாரிக்குப் புரியும்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் வடிக்கலாம். ஒரு சிறிய காரின் டாங்கி 35 லிட்டர் என்றால் அதில் 7 லிட்டர் எத்தனால். அதற்கு வேண்டிய மக்காச்சோளம் 18 கிலோவுக்கு மேல். ஒரு முட்டைக் கோழி ஒரு நாளில் தின்னும் மக்காச்சோளம் சுமார் 60 கிராம். ஆக, ஒரு தடவை டாங்கி நிரப்புவது ஒரு கோழியின் 300 நாள் மக்காச்சோளம். வடித்த பின் மிஞ்சும் சக்கை, எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தீவனமாகத் திரும்பி வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைக் கழித்த பின்னும் கணக்கு சிறியதல்ல. நாடு முழுவதும் 20 சதவீதம் கலக்க ஆண்டுக்கு 1,000 கோடி லிட்டருக்கு மேல் தேவைப்படும் என்று 2021இல் அரசுக் குழுவே மதிப்பிட்டது. கரும்பு வழியாக வடித்தால் ஒரு லிட்டருக்கு 2,860 லிட்டர் தண்ணீர் செலவு என்றும் அதே அறிக்கை சொன்னது. காவிரித் தண்ணீருக்குக் கர்நாடகத்தோடு வழக்காடும் மாநிலத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டிய எண்.

இனி நம்மை நேரடியாகத் தொடும் விஷயத்துக்கு வருவோம். 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு வைத்தார்கள். மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். அதே மாதம் கோதுமைக்கும் வரம்பு வந்தது. வாரந்தோறும் இருப்புக் கணக்கை இணையத்தில் பதிய வேண்டும். தவறினால் அத்தியாவசியப் பொருள் சட்டம். விலை ஏறினால் பதுக்கல் என்று முதலில் நம் கிடங்கைத்தான் திறந்து பார்க்கிறார்கள். சட்டத்தை மதிக்கிறோம், பார்க்கட்டும். ஆனால் 2025 ஜனவரியில் நடந்தது என்ன? உணவுக் கழகத்தின் அரிசி எத்தனால் ஆலைக்குக் குவிண்டால் 2,250 ரூபாய் என்று நிர்ணயம் ஆனது. அதே அரிசி தனியார் வியாபாரிக்கு 2,800 ரூபாய். மக்கள் சமைத்துச் சாப்பிட வாங்கினால் கிலோ 28 ரூபாய், வண்டியில் எரிக்க வாங்கினால் 22 ரூபாய் 50 காசு! அந்த அரிசியை வாங்கிச் சேமித்து வழங்க அரசுக்கு ஆகும் செலவு கிலோவுக்கு 35 ரூபாய்க்கும் மேல். இடையில் உள்ள பணம் வரி கட்டுகிறவன் பணம். 2024–25 பருவத்துக்கு இப்படி 52 லட்சம் டன் ஒதுக்கினார்கள். கிடங்குகள் நிரம்பி வழிந்தன, அரிசி வீணாகாமல் போகட்டும் என்பது அரசின் பதில். அப்படியானால் அதே விலையில் அரிசிக் கடைக்கும் கொடுத்திருக்கலாமே? ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சூடு குறைவு. புது வண்டிகளுக்கு மைலேஜ் இழப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான், பழைய கார்களுக்கு 6–7 சதவீதம், இரு சக்கர வண்டிகளுக்கு 3–4 சதவீதம் என்று அந்த அரசுக் குழுவே எழுதியது. நமது கடைப் பையன்கள் சரக்கு கொண்டு போகும் வண்டிகளில் பெரும்பாலானவை பழையவை. மேலும் எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பங்கின் தரையடி டாங்கியில் மழை நீர் இறங்கினால் எத்தனால் அதோடு சேர்ந்து அடியில் தங்கி விடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் திருவொற்றியூரும் மணலியும் எண்ணூரும் எப்படி மூழ்கின என்பதை நாம் மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் வருடா வருடம் தண்ணீர் நிற்கும் பகுதிக்கு இது தனிக் கவலை. கலப்பு இல்லாத பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1இல் தள்ளுபடி செய்தது. பிரேசில் நாடு 1975 முதல் கரும்பு எத்தனாலை ஓட்டுகிறது. அங்கே பங்கில் போய் நிற்பவர் முழு எத்தனாலா, கலந்த பெட்ரோலா என்று விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நம் ஊரில் அந்தத் தேர்வு இல்லை.

சமையல் எண்ணெய் வியாபாரிகளும் இதிலிருந்து தப்பவில்லை. நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. பாமாயில் தருவது இந்தோனேசியாவும் மலேசியாவும். இந்தோனேசியா தன் டீசலில் கலக்கும் பாமாயில் அளவை 2023இல் 35 சதவீதமாகவும் 2025இல் 40 சதவீதமாகவும் உயர்த்தியது. அங்கே லாரிக்கு ஊற்றினால் இங்கே 15 கிலோ டின் விலை ஏறும். 2022 ஏப்ரல் கடைசியில் அந்த நாடு ஏற்றுமதியையே நிறுத்தி வைத்த மூன்று, நான்கு வாரங்களில் நம் மொத்தச் சந்தை பட்ட பாடு தெரிந்ததே. ஐரோப்பிய நாடுகள் 2009இல் போக்குவரத்தில் 10 சதவீத இலக்கு வைத்தன. காடு அழிகிறது, உணவு விலை ஏறுகிறது என்று கண்டதும் 2015இல் உணவுப் பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு போட்டன. பாமாயில் டீசலை 2030க்குள் கணக்கிலிருந்தே நீக்கவும் முடிவு செய்தன. இலக்கு வைப்பது தவறல்ல. இலக்கோடு கூட ஒரு வேலியும் வேண்டும்.

சுற்றுச்சூழலுக்காக என்று சொல்கிறார்கள். வட சென்னையில் இருப்பவர்களுக்குப் புகையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் எரிவது டீசல். நாட்டில் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் விற்பதும் டீசல்தான். அதில் 2030க்குள் 5 சதவீதம் பயோடீசல் என்ற இலக்கு ஏட்டோடு நிற்கிறது. அதற்கு முன் காட்டாமணக்கு வைத்தால் டீசல் கொட்டும் என்று தமிழ்நாட்டு விவசாயிகளை நம்ப வைத்த கதையும் உண்டு. காய்ப்பும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். லாரி நிற்காமல் உள்ளே போய் வரச் சாலையும் வாயிலும் சரிசெய்தாலே, ஒரு மூட்டை தானியம் செலவில்லாமல் இங்கே புகை குறையும்.

நாமே செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. பயோடீசலுக்கு ஏற்ற சரக்கு, பொரித்து முடித்த பழைய எண்ணெய். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் இதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்தும் கடை கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது 2019 முதல் விதி. ஆனால் காசிமேடு மீன் வறுவல் கடை முதல் திருவொற்றியூர் தேரடி பஜ்ஜிக் கடை வரை சிறு கடைகள் இந்த வரம்புக்குள் வருவதில்லை. பழைய எண்ணெய் கறுத்த பின்னும் கை மாறி மீண்டும் சட்டிக்கே போகிறது. தெருவுக்கு ஒரு கேன் வைத்து, வாரம் ஒரு நாள் சங்கமே சேகரித்து, முறையான நிறுவனத்துக்கு விற்றால் கடைக்காரருக்குக் காசு, மக்களுக்கு உடல்நலம், லாரிக்கு எரிபொருள். உணவை எரிக்காத உயிரி எரிபொருள் இதுதான்.

ஆகவே நமது சங்கம் மத்திய, மாநில அரசுகளிடம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு.

ஒன்று, எரிபொருளுக்கு எவ்வளவு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை போகலாம் என்ற உச்சவரம்பை ஒவ்வொரு ஆண்டும் நவம்பரில் எத்தனால் பருவம் தொடங்குமுன் அறிவிக்க வேண்டும். விளைச்சல் குறைந்தால் வரம்பும் தானாகக் குறைய வேண்டும்.

இரண்டு, உணவுக் கழக அரிசி சாராய ஆலைக்கு ஒரு விலை, அரிசி வியாபாரிக்கு அதிக விலை என்ற பாகுபாடு கூடாது.

மூன்று, பங்கில் கலப்பு விகிதத்தைத் தமிழில் பெரிதாக எழுதி வைத்து, பழைய வண்டிகளுக்குக் குறைந்த கலப்புப் பெட்ரோலும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

நான்கு, மொலாசஸ், வைக்கோல், பழைய எண்ணெய் போன்ற கழிவுகளுக்கே முதல் சலுகை தர வேண்டும். பழைய எண்ணெய் சேகரிப்பில் வணிகர் சங்கங்களை முகவர்களாகச் சேர்க்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இந்த நான்கையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்ப வேண்டும் என்பது நமது கருத்து. கோழித் தீவன, அரிசி, எண்ணெய் வணிகர்கள் தனித்தனியே முணுமுணுத்துப் பயனில்லை. மூவருக்கும் சரக்கு ஒரே மண்ணிலிருந்துதான் வருகிறது. பழைய எண்ணெய்க் கேன் வைக்க முன்வரும் தெருக்கள் பெயரைச் சங்க அலுவலகத்தில் கொடுத்தால், அரசு பதில் வரும் வரை காத்திராமல் அந்த வேலையை இந்த மாதமே தொடங்கலாம்.