மீட்டரை மாற்றினால் போதுமா?

கிரிவலத்துக்கும் தீபத்துக்கும் வருகிறவர்கள் பார்க்கும் திருவண்ணாமலை வேறு. கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு, செங்கம் பக்கத்து விவசாயிகள் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தும் திருவண்ணாமலை வேறு. இந்த ஊர்ப் பட்டறைகளில் நடக்கும் வேலைகளில் ஒன்று, கேபிள் அறுந்துபோன பழைய முள் மீட்டரைக் கழற்றிவிட்டு, கடையில் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டரைப் பொருத்துவது. பொருத்திச் சாவியைத் திருப்பினால் எண்கள் பளிச்சென்று எரியும். அந்த எண் சரியா என்று பார்க்காமலே வண்டி கிளம்பிவிடுகிறது. அங்கேதான் விவசாயிக்கு நஷ்டம் தொடங்குகிறது.

டிராக்டரில் எஞ்சின் சுற்றைக் காட்டும் இந்த ஆர்பிஎம் மீட்டர் அழகுக்கு இல்லை. இணைக்கும் இயந்திரங்களை ஓட்டப் பின்பக்கம் சுழலும் பிடிஓ தண்டுக்கு நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பல நாடுகளிலும் நிலைத்துவிட்ட அளவு. எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடினால் அந்த 540 கிடைக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்; கம்பெனி மீட்டரில் அந்த இடத்தில் ஒரு குறியே இருக்கும். புது மீட்டர் பத்து சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுநர் எண்ணைப் பார்த்து ஆக்சிலேட்டரைக் கூட்டுவார். தண்டு 600 சுற்று சுற்றும். மணிலா (நிலக்கடலை) அடிக்கும் இயந்திரத்தில் வேகம் கூடினால் காய் நொறுங்கும், பருப்பு பிளக்கும். பிளந்த பருப்பை விதைக்கு எடுத்து வைக்க முடியாது. இந்த மாவட்டத்தில் மணிலா எத்தனை குடும்பங்களின் வருமானம் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் குழம்பும். கேபிளில் ஓடும் பழைய மீட்டர், எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணியை ஒரு மணியாக எண்ணும். பாதி வேகத்தில் ஓடினால் அரை மணிதான். புது மீட்டர்களில் பல கடிகாரம்போல நேரத்தை அப்படியே எண்ணுகின்றன. எந்தக் கணக்கில் ஆயில் மாற்றுவது? வாடகைக்கு ஓட்டுகிறவரும் வாடகை கொடுப்பவரும் எந்த மணியை நம்புவது?

கோளாறு மீட்டரில் இருப்பதைவிட, அதற்கு வந்து சேரும் சிக்னலில் இருப்பதே அதிகம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. அதனால் ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள ‘டபிள்யூ’ பாயிண்டிலிருந்து ஒரு வயர் எடுக்கிறார்கள். 12 துருவம் உள்ள ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு தரும். புல்லி விகிதத்தால் எஞ்சின் ஒரு சுற்று சுற்றும்போது ஆல்டர்னேட்டர் இரண்டரைச் சுற்று சுற்றினால், எஞ்சின் சுற்றுக்கு 15 துடிப்பு. மீட்டரில் இந்த 15-ஐப் பதிவு செய்ய வேண்டும். வேறு அளவுப் புல்லி போட்டாலோ, துருவ எண்ணிக்கை மாறிய ஆல்டர்னேட்டர் வந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. ஃபேன் பெல்ட் வழுக்கினாலும் எண் இறங்கும்.

பைக்கிலும் இதே கதைதான். சென்னையில் 1955 முதல் உருவாகிவந்த பழைய பாயிண்ட் புல்லட்டில் இரண்டு சுற்றுக்கு ஒரு ஸ்பார்க். மேக்னட்டில் பிக்கப் காயில் வைத்த பல பைக்குகளில் சுற்றுக்கு ஒன்று. பின்னதற்கு அமைத்த மீட்டரைப் புல்லட்டில் மாட்டினால் பாதிதான் காட்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு: இக்னிஷன் காயிலின் முதன்மைச் சுருளில் மின்சாரம் துண்டிக்கப்படும் நொடியில் சில நூறு வோல்ட் எகிறும். 5 அல்லது 12 வோல்ட் சிக்னலுக்குச் செய்த மீட்டரில் அதை நேரடியாகக் கொடுத்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும், அல்லது மீட்டரே கருகும். இடையில் ஒரு ரெசிஸ்டர், ஒரு ஜீனர் டயோடு, ஒரு ஆப்டோகப்ளர் வைத்தால் தீரும் பிரச்சினை இது. மீட்டரின் விலையோடு பார்த்தால் இவற்றின் விலை ஒன்றுமே இல்லை.

இதற்காக மெக்கானிக்கைக் குறை சொல்வது நியாயம் இல்லை. பல மீட்டர்களின் பெட்டியில் இருப்பது ஆங்கிலத்திலோ சீன மொழியிலோ நாலு வரி. சுற்றுக்கு எத்தனை துடிப்பு, எத்தனை வோல்ட் என்ற இரண்டு தகவலைத் தமிழில் அச்சடித்துக் கொடுக்க விற்பவர்களுக்கு என்ன தடை? டிராக்டர் செய்யும் டாஃபே 1960-ல் தொடங்கியது சென்னையில். டாஷ்போர்டு மீட்டர்கள் செய்யும் பிரிக்கால் இருப்பது கோயம்புத்தூரில். இந்த நிறுவனங்கள் பழைய மாடல்களின் ஆல்டர்னேட்டர் துருவமும் புல்லி அளவும் அடங்கிய ஒரு பக்கத் தமிழ் அட்டவணை வெளியிட்டால் கிராமத்துப் பட்டறைகள் அனைத்துக்கும் பயன்படும். ஐடிஐ மாணவர்களுக்கும் இதைச் செய்முறையாகவே கற்றுத்தர வேண்டும்.

சரிபார்ப்பதும் கடினம் இல்லை. கிராங்க் புல்லியில் விரல்நக அளவுக்குப் பளபளப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கையடக்க லேசர் டேக்கோமீட்டரை அதன்மேல் காட்டினால் உண்மையான சுற்று தெரிந்துவிடும். ஐடிலிங்கில் ஒரு முறை, பிடிஓ வேகத்தில் ஒரு முறை பார்த்து, இரண்டு எண்களையும் மீட்டர் காட்டியதையும் பில்லிலேயே எழுதிக் கொடுக்கலாம். மணிலா அறுவடைக்கு முன்பு டிராக்டர் கொண்டுவரும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆல்டர்னேட்டரோ புல்லியோ மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும் என்ற ஒரு வரியையும் அதே பில்லில் சேர்த்துவிடலாம்.