நிக்காஹ் முடிந்தது, காகிதம் எங்கே?

துபை மாப்பிள்ளை என்றதும் மேலூரிலும் நெல்பேட்டையிலும் பெண் வீட்டார் மனம் குளிர்ந்து விடுகிறது. முப்பது நாள் விடுப்பு. நிக்காஹ், வலீமா, விமானம்! மணமகளோ 'விசா வரும், வரும்' என்று தாய்வீட்டில் காத்திருக்கிறாள்.

நான் நடத்தி வைத்த நிக்காஹ் ஒன்றிலேயே இது நடந்தது. தஃப்தரில் பெண்ணின் பெயர் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் வேறுவிதம். பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் எழுதியது என் கைதான். ஓர் எழுத்துக்காக எட்டு மாதக் கண்ணீர்!

ஜமாஅத் தஃப்தர் மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் எல்லா மதத்தவருக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியுங்கள். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் உண்டு. அமீரகத்திற்கென்றால் அந்தச் சான்றிதழில் மாநில உள்துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என முத்திரைகள் ஏற வேண்டும். சவூதியில் 2022 டிசம்பர் முதல் அப்போஸ்டில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததால் தூதரக முத்திரைக்கு அலைய வேண்டியதில்லை.

பெண்ணைப் பெற்றவர்களே! அமீரகத்திற்கு மனைவியை அழைக்க மாதம் 4000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3000 திர்ஹம் சம்பளம் வேண்டும். நகையும் சீரும் பேசும் நாவு இதைக் கேட்க மட்டும் கூசுவதேன்?

கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமானது. சரக்குக்குச் சீட்டு கேட்கும் வியாபாரிகளே, மகளின் வாழ்வுக்குச் சீட்டு வேண்டாமா? இளைஞர்களே, நிக்காஹ் நடந்த வாரமே பதிவு செய்துவிட்டு விமானம் ஏறுங்கள்!