நானா? எனக்கென்ன தகுதி?



மே மாதம் நெருங்கினால் பல சபைகளில் ஒரே தேடல்தான். வி.பி.எஸ்.ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு) டீச்சர்கள் வேண்டும். ஆராதனை முடிந்ததும் போதகரம்மா ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்பார். பதிலும் நமக்குத் தெரிந்ததுதான்: "ஐயோ, நானா? எனக்கென்ன தகுதி இருக்கு?"

அப்படிச் சொல்பவர்களில் பலர் தட்டிக்கழிப்பதற்காகச் சொல்வதில்லை. பத்தாவதைத் தாண்டவில்லை. வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம். கட்டிக்கொடுத்த மகள் திரும்பி வந்துவிட்டாள். இந்த நிலைமையில் பிள்ளைகள் முன்னால் போய் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்?

இந்தப் பயத்தைச் சில சபைகளே வளர்த்துவிட்டிருக்கின்றன. படித்தவர்களும் வசதியானவர்களும் மட்டுமே முன்னால் நிற்கும் இடத்தில், கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு "இது நமக்கில்லை" என்று தோன்றாமல் எப்படி இருக்கும்?

தகுதியில்லை என்று தயங்குகிறவர்கள் யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். மோசே ஒருவனைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டு ஓடியவர். மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு மீதியானில் ஒதுங்கிக் கிடந்தவர். பார்வோன் முன்னால் போய் நின்றபோது அவருக்கு வயது 80. பார்வோனிடம் போ என்று ஆண்டவர் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே, அதற்கு நான் யார் என்பதுதான்.

அரண்மனையில் வளர்ந்தவனாயிற்றே, எகிப்தின் படிப்பெல்லாம் படித்தவனாயிற்றே என்று ஆண்டவர் அவரைத் தட்டிக்கொடுத்திருக்கலாம். அப்படி எதுவும் சொல்லவில்லை. தாம் கூட இருப்பதாக மட்டும் சொல்கிறார். மோசேயின் தகுதியைப் பற்றிப் பேச்சே இல்லை! எனக்கு இந்த இடம் எத்தனை முறை வாசித்தாலும் ஆறுதல்.

பேச வராது என்று மோசே முறையிட்டபோதும் ஆண்டவர் கோபப்படவில்லை. வேறு யாரையாவது அனுப்பும் என்று கைகழுவப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலும் அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார்.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடருக்கு மிஷனரியாகும் எண்ணமே இல்லை. அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியரைப் பார்க்க வரும்படி அவரை அழைத்தார்கள். டாக்டரான அவருடைய அப்பாவை அனுமதிக்க மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

"நான் டாக்டர் இல்லையே" என்று ஐடா சொன்னது முழு உண்மை. ஆனால் அதோடு அவர் விஷயத்தை விட்டுவிடவில்லை. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் பெற்றார். மறு வருடமே வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். அதுதான் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்தது. இன்று நம் வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி என்றால், "சி.எம்.சி.க்குக் கொண்டு போங்க" என்றுதானே சொல்கிறோம்?

யார் கேட்டாலும் உடனே சரி சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் சகோதரி ஏற்கெனவே ஊழியத்தில்தான் இருக்கிறார். யாருக்காவது தீங்கு செய்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு மாற்றுவழி கிடையாது.

ஆனால் தயக்கத்துக்குக் காரணம் "எனக்குத் தெரியாது" என்பது மட்டுமானால், அதையே போதகரம்மாவிடம் சொல்லுங்கள். "இந்த வருஷம் பழைய டீச்சர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்கிறேன். பிள்ளைகளுக்குப் பெயர் எழுதுறது, படம் ஒட்டுறது, ஜூஸ் கொடுக்கிறது எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். எந்தச் சபையில் வேண்டாம் என்பார்கள்?