பிரதிப்பெயரைத் தமிழிலிருந்து தொடங்குவோம்

‘மை மதர் இஸ் அ டீச்சர். ஹீ இஸ் டீச்சிங் இன் மூதூர்.’ திருகோணமலை மாவட்டத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் நாம் இத்தகைய வரியைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த கொப்பிக்குப் போய்விடுகிறோம். தரம் 3 முதல் க.பொ.த. சாதாரண தரம் வரை அதே பிரதிப்பெயர் அட்டவணையைத் திரும்பத் திரும்ப எழுதவைக்கிறோம். பிள்ளை அட்டவணையை ஒப்புவிக்கும்; கட்டுரையில் மறுபடியும் அம்மாவை ‘ஹீ’ ஆக்கும். இதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது. எழுத்துத் தமிழில் அம்மாவும் ‘அவர்’, அப்பாவும் ‘அவர்’. மரியாதை வந்ததும் ஆண்பால், பெண்பால் வேறுபாடு மறைந்துவிடுகிறது. அந்த ‘அவர்’ என்ற சொல்லுக்கு ‘ஹீ’ என்று மட்டும் பொருள் பழகிய பிள்ளை, தான் கற்ற விதிப்படியே எழுதுகிறது.

மருந்து நம் பேச்சிலேயே இருக்கிறது. ‘அப்பா வந்தார், அவர் சாப்பிட்டார், அம்மா வந்தா, அவ சாப்பிட்டா’ என்றுதான் நம் வீடுகளில் பேசுகிறோம். மரியாதை குறையாமலே பாலைப் பிரித்துக்காட்டும் ‘அவ’ ஈழத்துப் பேச்சில் உயிரோடிருக்கிறது. ‘அவ’ வரும் இடமெல்லாம் ‘ஷீ’ என்று ஒருமுறை காட்டினால், அட்டவணை செய்யாததை அது செய்யும். கொச்சை என்று வகுப்பறைக்கு வெளியே நிறுத்திய சொல்லே இங்கே நல்ல துணை.

மற்றப் பிழைகளுக்கும் வேர் உண்டு. தமிழில் வினைமுற்றின் விகுதியே ஆளைச் சொல்லிவிடுவதால் எழுவாயை விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் விட முடியாது. ‘மழை பெய்கிறது’ என்பதில் இல்லாத ஓர் ‘இட்’ ஆங்கிலத்துக்குத் தேவைப்படுகிறது. ‘ஹூ’, ‘விச்’ போன்ற தொடர்புப் பிரதிப்பெயருக்குப் பதிலாகத் திராவிட மொழிகள் பெயரெச்சத்தையே கையாள்கின்றன என்பதை மொழியறிஞர் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே விளக்கினார். சிங்களமும் இதில் தமிழைப் போன்றதே. ஆகவே பக்கத்துப் பாடசாலைச் சிங்கள மாணவரும் இதே இடத்தில் இடறக்கூடும்.

ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், தமிழ் நுழைந்தால் பிள்ளை மொழிபெயர்த்தே பேசும் என்பார்கள். பாடவேளை முழுவதும் தமிழில் நடந்தால் அந்த அச்சம் நியாயமே. நாம் கேட்பது ஐந்து நிமிட ஒப்பீடு. மிகுதி நேரம் ஆங்கிலப் பயிற்சிக்குத்தான். வாய் திறக்காமலிருக்கும் பிள்ளையும் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்யக் காட்டிக்கொடுப்பது நம் பொறுப்பு.

கருத்து விளங்கினால் போதாதா என்பது இன்னொரு மறுப்பு. பேச்சில் பெரும்பாலும் போதும். எழுத்தில் போதாது. ‘கண்ணன் குமாரிடம் தன் வள்ளம் உடைந்துவிட்டது என்றான்’ என்றால் வள்ளம் கண்ணனுடையது. ‘அவன் வள்ளம்’ என்றால் பெரும்பாலும் வேறொருவனுடையது. தமிழ் இவ்வளவு துல்லியமாகப் பிரிப்பதை ஆங்கிலம் ‘ஹிஸ் போட்’ என்று ஒன்றாக்கிவிடும். நட்டஈட்டு விண்ணப்பத்திலோ பொலிஸ் முறைப்பாட்டிலோ அந்த வரி வந்தால் வள்ளத்தின் சொந்தக்காரன் யாரென்ற கேள்வி எழும். அங்கே பெயரையே மறுபடி எழுது என்று கற்பிக்க வேண்டும். அதை எந்த அட்டவணையும் சொல்லாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. அலுவலகங்களோடு அந்த மொழியில் எழுத வேண்டியவர்கள் நம் மாணவர்கள்.

வரும் தவணையில் அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதற்கு முன், ‘அவர்’, ‘அவ’, ‘தன்’ ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளையே வாக்கியம் சொல்லச் செய்யுங்கள். அவர்கள் விடும் பிழைகளை எண்ணாமல் வகைப்படுத்திக் குறித்துவைத்து எமக்கு அனுப்புங்கள்.